பெரட்டு மணியிலிருந்து அபாயச் சங்கு வரை

தோட்டத்தை எழுப்பியது சேவல் அல்ல, மணி! மலாயாத் தோட்டங்களில் வளர்ந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஓங்கி அடிப்பார்கள். இருட்டிலேயே அந்தச் சத்தம் லயத்துக்கு லயம் போய்ச் சேரும். சற்று நேரத்தில் பெரட்டுக் களத்தில் வரிசை நிற்கும். பேர் கொடுக்காதவருக்கு அன்று சம்பளம் இல்லை.

அந்த மணி எதற்காக அடிக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அடித்தால் என்ன செய்யவேண்டும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே மணி, ஒரே பொருள், உடனே ஒரு செயல். இன்றைய பெரிய ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் பல நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவு செய்து தேடிக்கொண்டிருப்பது இந்த எளிமையைத்தான் என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஒரு குறை மட்டும் உண்டு. பெரட்டு மணி துரையின் வேலைக்காக அடித்த மணி. தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து என்றால் அடிப்பதற்கு எந்த மணி இருந்தது?

கரும்பாலையும் ஈயத் திருகும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை அடுத்து இருக்கிறது பைராம் தோட்டம். பைராம் என்பது தமிழும் அல்ல, மலாயும் அல்ல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்து ஊர்ப்பெயர். செபராங் பிறையில் பல தோட்டங்களை வைத்திருந்த ராம்ஸ்டன் பிரபுக் குடும்பத்தின் மாளிகை அந்த ஊரில்தான் இருந்தது.

இந்தச் சுற்றுவட்டாரத்தை ரப்பர் நாடாகவும் செம்பனை நாடாகவும்தான் பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்பு இது கரும்பு நாடு. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததே பெரும்பாலும் இந்தக் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான். 1910இல்தான் அந்த ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது.

கரும்புத் தோட்டம் என்றால் வெட்டும் வேலை மட்டுமா? வெட்டிய கரும்பைப் பிழிய நீராவி இயந்திரம் வேண்டும். சாற்றைக் காய்ச்ச, தெளிய வைக்க, பாகாக்கிச் சர்க்கரையாக உறைய வைக்க ஓர் ஆலை வேண்டும். அந்த ஆலைக்கு உயிர் கொடுப்பது கொதிகலன். தொழிற்சாலை என்றாலே பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரமும் மின்னணுப் பொருளும்தான் பலருக்கு நினைவில் வரும். அந்த வட்டாரம் தொடங்கியது 1972இல். அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே நம்மவர் கொதிகலன் அடுப்புக்கு விறகு தள்ளியிருக்கிறார்கள்!

கொதிகலனின் ஆபத்து எளிமையானது. உள்ளே தண்ணீர் குறைந்தால் இரும்புத் தகடு காய்ந்து சிவக்கும், வலுவிழக்கும், பிறகு நீராவியின் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். இதற்கு எச்சரிக்கை வைக்கும் யோசனை பிறந்த கதை சுவையானது. 1803ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டனை ஒட்டிய கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக் என்ற பொறியாளரின் உயரழுத்தக் கொதிகலன் ஒன்று வெடித்தது. அதைப் பார்த்துக்கொள்ளவேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். வேறொருவர் வந்து இயந்திரத்தை நிறுத்தினார், நீராவி வெளியேற வழி திறக்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள்.

டிரெவிதிக் பையனைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கொதிகலனின் உடலிலேயே ஓர் ஈயத் திருகைப் பொருத்தினார். தண்ணீர் குறைந்து சூடு ஏறினால் ஈயம் உருகும். அந்தத் துளை வழியாக நீராவி பீறிட்டு ஊளையிடும், அடுப்பின் வேகத்தையும் அடக்கும். மீன் பிடிக்கப் போன பையனையும் அந்தச் சத்தம் திரும்பி ஓடிவர வைக்கும். பிறகு மிதவை வைத்த நீர்மட்ட விசில்களும் வந்தன.

தொழிற்சாலை அபாய மணியின் ஆதிவடிவம் இதுதான். மனிதர் கவனம் சிதறும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த கருவி. ஆனால் அடிக்கடி கத்தும் கருவியை மனிதர் என்ன செய்வார்கள்? வாயைக் கட்டுவார்கள்! வேகத்துக்கு ஆசைப்பட்டு, நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வின் மேல் பாரம் ஏற்றி வைத்து வெடித்த கொதிகலன்கள் 19ஆம் நூற்றாண்டில் ஏராளம்.

அலாரம் மலிவான கதை

20ஆம் நூற்றாண்டின் பாதியில் ஆலைகள் பெருத்தன. எண்ணெய், உரம், இரசாயனம் என்று நூற்றுக்கணக்கான குழாய்களும் தொட்டிகளும் ஒரே கட்டுப்பாட்டு அறைக்குள் அடங்கின. சுவர் முழுக்கப் பலகை. அதில் சிறு சிறு விளக்குக் கட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும்: இந்தத் தொட்டியில் மட்டம் அதிகம், அந்தக் குழாயில் அழுத்தம் குறைவு.

அப்போது புதிதாக ஓர் அலாரம் வைப்பது சாதாரண வேலை அல்ல. கம்பி இழுக்கவேண்டும், பலகையில் இடம் பிடிக்கவேண்டும், விளக்குப் பொருத்தவேண்டும். எல்லாவற்றுக்கும் காசு. அதனால், ‘இது உண்மையிலேயே தேவையா?’ என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார். காசு இல்லை என்பதே ஒரு காவலாக இருந்தது.

1975இல் அமெரிக்காவின் ஹனிவெல், ஜப்பானின் யோகோகாவா ஆகிய நிறுவனங்கள் கணினி வழிக் கட்டுப்பாட்டு முறைகளைக் கொண்டுவந்தன. அதன்பின் மெல்ல மெல்ல அலாரம் வைக்கச் செலவே இல்லை என்றாயிற்று. விசைப்பலகையில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்துக்குப் பிறகும் ‘இதற்கும் ஒன்று வைத்துவிடு’ என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். எடுப்பவர் யாரும் இல்லை. எடுத்து நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது?

பழைய விளக்குப் பலகையே எவ்வளவு குழப்பும் என்பதை 1979 மார்ச் 28ஆம் தேதி விடியற்காலை அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம் காட்டியது. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒன்றாகக் கத்தின. முக்கியமான கோளாறு இது: மூடவேண்டிய ஒரு வால்வு திறந்தே நின்றுவிட்டது. பலகையிலிருந்த விளக்கோ, ‘மூடு’ என்ற கட்டளை போனதை மட்டுமே காட்டியது, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை! அலாரங்களை வரிசையாக அச்சடிக்கும் இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது. அந்த அலாரப் பலகையையே தூக்கியெறிய நினைத்ததாக ஆபரேட்டர் ஒருவர் பின்னர் விசாரணையில் சொன்னார்.

அங்கே உடனடி உயிர்ச்சேதம் இல்லை. ஐந்தரை ஆண்டு கழித்து இந்தியாவில் நடந்தது வேறு கதை.

போபால்: வாயடைக்கப்பட்ட மணிகள்

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் யூனியன் கார்பைட் இந்தியா நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலை. அங்கே 610 என்ற எண்ணிட்ட தொட்டியில் ஏறக்குறைய 40 டன் மீதைல் ஐசோசயனேட். தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும் நச்சு திரவம் அது.

அந்தத் திரவத்தைப் பூஜ்ய பாகை செல்சியசை ஒட்டிக் குளிரூட்டி வைக்கவேண்டும். 11 பாகைக்கு மேல் ஏறினால் அலாரம் அடிக்கவேண்டும். 1984 ஜூனில் குளிரூட்டும் இயந்திரம் நிறுத்தப்பட்டது. பிறகு திரவம் எப்போதும் 11 பாகைக்கு மேலேதான் இருந்தது. அப்படியானால் அலாரம் ஓயாமல் அடிக்கவேண்டுமே? அடிக்கவில்லை. வெப்ப அலாரம் பயன்பாட்டிலேயே இல்லாமல் போயிருந்தது. டிரெவிதிக் காலத்துப் பாதுகாப்பு வால்வுக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

அன்றிரவு ஷிப்டில் இருந்தவர்களைக் குறை சொல்வது எளிது. 10.20 மணிக்குத் தொட்டியின் அழுத்தம் 2 என்று காட்டியது. 11 மணிக்கு 10. ஐந்து மடங்கு ஏறிவிட்டது! ஆனால் 2 முதல் 25 வரை வழக்கமான அளவுதான், அதனால் யாரும் பதறவில்லை. அதோடு அந்த ஆலையில் அளவுமானிகள் பழுதாகிப் பொய் சொல்வது வாடிக்கை. பொய் சொல்லிப் பழகிய கருவி ஒருநாள் உண்மை சொன்னால் எப்படி நம்புவது? புலி வருது கதையில் ஊராரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

11.30 மணியளவில் தொழிலாளர்களின் கண் எரிந்தது. அந்த ஆலையில் கசிவைக் கண்டுபிடிக்க நடைமுறையில் இருந்த கருவி அதுதான், தொழிலாளியின் கண்! எங்கோ சிறு கசிவு, தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. நள்ளிரவு தாண்டி 12.40க்கு மானியின் முள் எல்லையைத் தாண்டிவிட்டது. வெளியேறும் வாயுவைக் கழுவும் கோபுரம் ஓய்வில் இருந்தது. எரித்துவிடும் கோபுரம் குழாய் கழற்றப்பட்டுப் பழுதுபார்ப்பில் இருந்தது. தண்ணீர்ப் பீச்சு வாயு போன உயரத்துக்கு எட்டவில்லை.

இனி மிச்சம் இருந்தது சங்கு மட்டும்தான். இதுதான் போபால் கதையிலேயே நெஞ்சை அறுக்கும் பகுதி.

ஆலையில் இரண்டு சங்குகள் இருந்தன. ஒன்று தொழிலாளர்களுக்கு, மற்றொன்று ஊருக்கு. முதலில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்படி இருந்தன. 1982இல் அவற்றைப் பிரித்தார்கள். சிறு கசிவுக்கெல்லாம் ஊரார் பதறக்கூடாதாம்! அன்றிரவு 1 மணியளவில் ஊர்ச் சங்கு ஊதியது. சில நிமிடங்களில் நிறுத்தினார்கள். மறுபடி அது முழுக்குரலில் ஊதியபோது மணி இரண்டை ஒட்டிவிட்டது. அதற்குள் வாயு ஜெயப்பிரகாஷ் நகர், காஜி கேம்ப் குடிசைகளுக்குள் புகுந்துவிட்டது.

சங்கு கேட்டவர்களுக்கும் அதன் பொருள் தெரியவில்லை. பயிற்சி, சிறு கோளாறு என்று பல காரணங்களுக்காக வாரத்துக்குச் சுமார் 20 தடவை ஊதும் சங்குதானே! தீப்பிடித்திருக்கும், உதவலாம் என்று ஆலையை நோக்கியே ஓடியவர்களும் உண்டு. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும். அரசு கணக்கில் உடனடிச் சாவு 2,259. பிறகு மாநில அரசு உறுதிசெய்த எண்ணிக்கை 3,787. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. போபால் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982 முதலே இந்த ஆலை ஊரை அழிக்கும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். அதுவும் ஓர் அபாய மணிதான். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் பணியில் இருந்த குலாம் தஸ்தகீர் வேறு விதம். யார் உத்தரவுக்கும் காத்திராமல், நின்றிருந்த கோரக்பூர் ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பினார், வரவிருந்த ரயில்களை வெளியிலேயே நிறுத்தச் செய்தி கொடுத்தார். ஆலையின் சங்கு செய்யாததை ஒரு தனிமனிதர் செய்தார். வாயுவின் பாதிப்போடு வாழ்ந்து 2003இல் அவர் காலமானார்.

பதினொரு நிமிடத்தில் 275

போபாலில் மணிகள் மௌனமாக்கப்பட்டன. நேர் எதிரான நோய் பத்தாண்டு கழித்துப் பிரிட்டனில் தெரிந்தது. 1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. வேல்ஸ் பகுதியின் மில்ஃபோர்டு ஹேவனில் டெக்சாகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை. காலையில் இடிமின்னலால் ஆலை தடுமாறியது. ஐந்து மணி நேரம் ஆபரேட்டர்கள் போராடினார்கள். பிறகு சுமார் 20 டன் எரிபொருள் கசிந்து வெடித்தது. 26 பேருக்குக் காயம். விடுமுறை நாளாக இல்லாமல் போயிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

வெடிப்பதற்கு முந்திய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. இரண்டரை நொடிக்கு ஒன்று. படிக்கவா, யோசிக்கவா, சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தவா? அதிலும் பெரும்பாலானவை ‘மிக முக்கியம்’ என்ற வகையில் வைக்கப்பட்டவை. எல்லாமே மிக முக்கியம் என்றால் எதுவுமே முக்கியம் இல்லை என்றுதானே ஆகிறது.

இந்த விசாரணைக்குப் பிறகுதான் அலாரங்களை நிர்வகிப்பது தனித்துறையாக நிமிர்ந்தது. 1999இல் பிரிட்டனில் ஈ.ஈ.எம்.யூ.ஏ. 191 என்ற வழிகாட்டி வெளிவந்தது. 2009இல் அமெரிக்கத் தரம், 2014இல் அனைத்துலகத் தரம் என்று தொடர்ந்தன. சாரம் இதுதான்: ஆபரேட்டர் ஒரு செயலைச் செய்யவேண்டியிருந்தால் மட்டுமே அது அலாரம். செய்ய ஒன்றும் இல்லை என்றால் அது வெறும் தகவல், அதற்கு மணி எதற்கு? வழக்கமான நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. ஆலை தடுமாறும்போதும் முதல் பத்து நிமிடத்தில் பத்துக்குள் அடங்கவேண்டும். 275ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

வேலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடக்கிறது. ஒவ்வோர் அலாரமாக எடுத்துக் கேட்கிறார்கள். இது அடித்தால் என்ன ஆபத்து? யார் என்ன செய்வார்? செய்ய எவ்வளவு நேரம் இருக்கிறது? பதில் இல்லாதது நீக்கப்படும். எல்லைக்கோட்டில் ஏறி இறங்கி ஓயாமல் நச்சரிக்கும் அலாரத்துக்குச் சிறு வைத்தியம் உண்டு. 80இல் அடித்தால் 75க்குக் கீழே இறங்கிய பிறகே ஓயும்படி இடைவெளி விடுவார்கள். பழுதான ஒன்றைச் சற்று நேரம் உறங்க வைக்கலாம், ஆனால் யார் வைத்தார், எதுவரை என்பது பதிவாகவேண்டும். போபாலின் வெப்ப அலாரத்துக்கு அப்படி ஒரு பதிவும் கெடுவும் இருந்திருந்தால்?

வழிகாட்டி வருவதற்கு முந்திய ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1998 செப்டம்பர் 25இல் விக்டோரியா மாநிலத்தின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலை வெடித்து இருவர் இறந்தனர். நாளும் நூற்றுக்கணக்கான அலாரங்களோடு ஓடிய ஆலை அது. எஸ்ஸோ நிறுவனம் கட்டுப்பாட்டு அறைத் தொழிலாளி ஒருவர் மேல் பழியைப் போட்டது. அரச விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. முறையான பயிற்சி தராத நிறுவனத்தின் தவறு என்றே சொல்லியது. பிறை, பத்து கவான் தொழிற்பேட்டைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டிய தீர்ப்பு இது.

வேலிக்கு வெளியே

மலேசியாவும் பட்டுத்தான் கற்றது. 1991 மே 7இல் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு போர்ட் கிள்ளானில் எண்ணெய்க் கப்பல் வெடிப்பு. 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 1996இல் பெரும் தொழில் விபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. அபாயகரமான ஆலைகள், விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கும் தகவல் தரவேண்டும் என்பது அந்த விதிமுறைகளில் இருக்கிறது.

விதி இருந்தால் சங்கு ஊதிவிடுமா? பிரைட் ஸ்பார்க்லர்ஸ் வெடித்து சரியாக 29 ஆண்டு கழித்து, 2020 மே 7இல் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரின் வாயு கசிந்தது. தொட்டியின் அடிப்பக்க வெப்பத்தை மட்டும் அளந்தார்கள், மேற்பகுதி சூடேறியது தெரியவில்லை. 12 பேர் இறந்தனர். ஆலையில் 36 இடங்களில் சங்கை ஒலிக்க வசதி இருந்தது என்றும், எதுவுமே ஒலிக்கப்படவில்லை என்றும் ஆந்திர அரசின் விசாரணைக் குழு சொல்லியது. வெங்கடாபுரம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்துதான் ஓடினார்கள். போபாலுக்கு 35 ஆண்டு கழித்து!

பைராம் பக்கமே திரும்பினால், 2022 ஜனவரியில் அருகிலுள்ள புலாவ் பூரோங் குப்பை நிலத்தில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அது இரசாயன ஆலை அல்ல, கட்டுப்பாட்டு அறையும் இல்லை. ஆனாலும் புகையைச் சுற்றுவட்டாரத்து மக்கள் தங்கள் மூக்காலும் கண்ணாலும்தான் முதலில் அறிந்தார்கள். போபால் ஆலையின் தொழிலாளி கசிவை அறிந்ததும் அப்படித்தான்.

தோட்டங்களைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் நெருங்கி வந்துவிட்டன. பெரட்டு மணியைக் கேட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் வேலிக்கு உள்ளே அலாரத் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலிக்கு வெளியே வீடு வாங்கியும் இருக்கிறார்கள். அருகில் அபாயகரமான ஆலை இருக்கும் ஊரார், அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்துக்கு அதன் பாதுகாப்பு அதிகாரியை அழைக்கலாம். சங்கு எப்படி ஊதும், பயிற்சிக்கு ஊதுவதும் நிஜத்துக்கு ஊதுவதும் ஒரே மாதிரியா? ஊதினால் வீட்டுக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருப்பதா, வெளியேறுவதா, வெளியேறினால் காற்றுக்கு எந்தப் பக்கம்? ஆபத்து நீங்கியது என்று யார் வந்து சொல்வார்? பதிலைத் தமிழிலும் எழுதி வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம்.